தொட்டியில ஒண்ணேகால் கிலோ

...சொட்டுது, சொட்டுதுன்னு மூணு தரம் சொல்லிட்டீங்க தம்பி, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. உங்க வீட்டுக் கூரையில என் வீட்டுத் தண்ணி சொட்டுது. ஒத்துக்கறேன். மறுக்கவே இல்ல. ஆனா அதுக்குக் காரணம் நான் இல்ல. காரணம் என் மாப்பிள்ளை. என்ன, முழிக்கிறீங்க? மாப்பிள்ளை ஊருக்கு மறுகோடியில இருக்காரு, இந்த வீட்டு வாசலை மிதிச்சுப் பதினோரு வாரம் ஆச்சு, அவர் எப்படி என் குளியலறையில தண்ணி சிந்துவாருன்னுதானே யோசிக்கிறீங்க? அதைத்தான் சொல்ல வரேன். உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேணாம், தரையே ஈரமாத்தான் இருக்கு. அந்த பக்கெட்டு எதுக்கு? சொட்டுற தண்ணியைப் பிடிச்சதா? எனக்குக் காட்டறதுக்கா கொண்டுவந்தீங்க? அட... அரை பக்கெட்டு இருக்கும் போலிருக்கே. சரி சரி, கீழ வைங்க.

யாரா? கீழ்வீட்டுக்குப் புதுசா வந்திருக்கற தம்பிம்மா!... ஆமா, தண்ணி விஷயமாத்தான்!... நீ அன்னைக்கே சொன்னே, யாரு இல்லேன்னா? நீ அடுப்பைப் பாரு!

என் வீட்டுக்காரி. மூணு வாரமா சமையலறைக் கழுவுதொட்டிப் பக்கத்துல பக்கெட்டை வச்சுக் குளிக்கறா. அந்தக் கோவம். இருக்கட்டும். இந்தப் பக்கம் வாங்க, வழுக்கும், சுவரைப் பிடிச்சுக்கோங்க. இதோ... இந்தத் துண்டை எடுத்தா... பாத்தீங்களா? குளியல் தொட்டிக்குள்ள படகு. ஒரு மீட்டர் நீளம். நீங்க நினைக்கற மாதிரி சும்மா மிதக்கற படகு இல்ல. சாதாரணப் படகு தண்ணியை உழுதுகிட்டுப் போகும். இதுக்கு வயித்துக்கு அடியில மூணு கால் இருக்கு. கால் நுனியில ரெக்கை இருக்கு. காத்து விமானத்தைத் தூக்கற மாதிரி, வேகம் எடுத்ததும் தண்ணி அந்த ரெக்கையைத் தூக்கும். ரெக்கை மட்டும் தண்ணிக்குள்ள இருக்க, உடம்பு மொத்தமும் நாலு விரல் உசரத்துக்கு மேல எழும்பிப் பறக்கணும். பறக்கணும். பறந்துதாங்கறதுதான் கேள்வி.

உடம்பும் ரெக்கையும் மாப்பிள்ளை பொறுப்பு. அதைத் தள்ளற வேலை, அதாவது பாட்டரி, மோட்டார், புரொப்பல்லர், அது ரெண்டையும் இணைக்கற ஷாஃப்டு, எல்லாம் என் பொறுப்பு. அவர் வேலையில நான் தலையிடக் கூடாது, என் வேலையில அவர் தலையிடக் கூடாதுன்னு காகிதத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். எழுதினது நான்தான். சிரிக்காதீங்க. முப்பத்திநாலு வருஷம் குடிநீர் பம்பு நிலையத்துல இருந்தவன் நான், அதுல கடைசிப் பதினாறு வருஷம் மேற்பார்வையாளர். எழுத்துல இல்லாத எதையும் நான் நம்பறதில்ல. என் காலத்துல ஒரு மோட்டார்கூட எரிஞ்சது கிடையாது. ஒண்ணே ஒண்ணு எரிஞ்சுது. அதுவும் என்னால இல்ல, அதை அப்புறம் சொல்றேன்.

மாப்பிள்ளைக்கு என்ன தொழில்னு கேக்கலியே நீங்க? பல்லு செட்டு செய்யறவர். வைத்தியர் இல்ல. வைத்தியர் வாயில அச்சு எடுத்து அனுப்புவாரு, இவர் தன் அறையில விளக்கைப் போட்டுகிட்டு உக்காந்து, அந்த அச்சைப் பல்லாக்குவாரு. சரி, தொழில்ல குறை சொல்ல மாட்டேன். ஆனா ரெக்கையையும் அதே பல்லுப் பிசின்ல பண்ணி வச்சிருக்காரு பாருங்க! குனிஞ்சு பாருங்க, தண்ணிக்குள்ள தெரியுதா? இளஞ்சிவப்பு. ஈறு நிறம்! குளத்தங்கரையில ஒரு ஆளு என்கிட்ட வந்து, "ஐயா, உங்க படகு சிரிக்குமா?"ன்னு கேட்டான். கேப்பானா மாட்டானா?

இதோ, என் வாயில இருக்கறதும் அவர் செஞ்சதுதான். ரெண்டு செட்டும். மேல் செட்டைப் பத்தி ஒரு சொல்லு சொல்ல முடியாது. கீழ் செட்டுதான் ஒரு மாசமா இடது பக்கம் குத்துது. ஈறு சுருங்கிடுச்சாம், வயசானா சுருங்குமாம், அஞ்சு நிமிஷம் ராவிக் குடுத்தா சரியாயிடும். போய்க் கேப்பேனா நான்? வேற ஒருத்தன்கிட்ட போனேன். அவன் கழட்டி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இவ்வளவு நுணுக்கமா யாருங்க செஞ்சது? இதுல நான் கை வச்சா கெட்டுடும், அவர்கிட்டயே போங்க"ங்கறான்! சிபாரிசு கேட்டா போனேன்? அன்னையிலருந்து வலது பக்கமாவே மென்னு, இப்ப அந்தப் பக்கமும் வலிக்குது.

எங்க விட்டேன்? ஆங், குளம். மாதிரிப் படகுச் சங்கம்னு ஒண்ணு இருக்கு. பதினெட்டு உறுப்பினர்கள், பதினெட்டு பேரும் நிபுணர்கள். அதுக்குத் தலைவர் ஒரு தையல்காரர். அவர் படகு பாய்மரப் படகு, பாய்க்கு அவரே ஓரம் அடிச்சிருக்காரு, அதுலேயே பாதிப் பெருமை. போட்டி அன்னைக்கு அத்தனை பேரும் கரையில நிக்கறாங்க. ரிமோட்டை நான் பிடிச்சிருக்கேன், மாப்பிள்ளை முழங்கால் தண்ணியில இறங்கிப் படகை விடறாரு. போச்சு. பத்தடி... இருபதடி... மூக்கு எழும்புச்சு. உடம்பு எழும்புச்சு. கரையில கை தட்டறாங்க. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்த நேரம் பாத்து மோட்டார் 'வீ...ல்'னு ஒரு கத்தல். அடுத்த நொடி... தொபுக்கடீர்! வயித்தால விழுந்துச்சு. மறுபடி வேகம் எடுத்துச்சு, மறுபடி எழும்புச்சு, மறுபடி வீல், மறுபடி தொபுக்கடீர். தவளை தம்பி, அசல் தவளை! குளத்தைக் கடக்கறதுக்குள்ள இருபத்திரெண்டு தடவை. நான் எண்ணினேன். தையல்காரரும் எண்ணியிருக்காரு, அவர் கணக்குல இருபத்திமூணு. அன்னையிலருந்து சங்கத்துல எனக்குப் பேரே தவளைக்காரர்.

நீங்களே நியாயம் சொல்லுங்க. தூக்கறது யாரோட வேலை? ரெக்கையோட வேலை. தூக்கினதைத் தாங்கறது யாரோட வேலை? அதுவும் ரெக்கையோட வேலை. தூக்கிட்டுப் பாதியில கைவிட்டா குத்தம் யாருது? அதனால அத்தனை பேர் முன்னாடி நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "மாப்பிள்ளை, உங்க ரெக்கை சவச்சுத் துப்பத்தான் லாயக்கு"ன்னேன். அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஏதாவது இருக்கா அதுல? 'மாப்பிள்ளை'ன்னு மரியாதையாத்தானே ஆரம்பிச்சேன்? கரையே சிரிச்சுது. அவர் மட்டும் சிரிக்கல. படகைத் துண்டால தொடைச்சாரு, என் கையில குடுத்தாரு, "ஷாஃப்டைக் கொஞ்சம் பாருங்க மாமா"ன்னாரு, மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி. தன் அரத்தையும் உளியையும் பெட்டியில போட்டாரு, போயிட்டாரு.

ஷாஃப்டைப் பாக்கணுமாம்! யாரு? நான்! ஆளு உசர ஷாஃப்டெல்லாம் விரல் நுனியால தொட்டு, ஆட்டம் எவ்வளவுன்னு சொன்னவன் நான்! கையெழுத்துப் போட்ட காகிதம் சட்டைப் பையில இருக்கும்போதே என் பாகத்துல தலையிடறாரு பாருங்க!

என்ன தம்பி, கடிகாரத்தைப் பாக்கறீங்க? முடிச்சுடறேன். உங்க கூரைக்குத்தான் வந்துகிட்டிருக்கேன்.

இதோ, அவர் போட்ட படம். கண்ணாடிக்குப் பின்னால செருகி வச்சிருக்கேன். ஓரம் நனைஞ்சிருக்கு, பரவாயில்ல. ஷாஃப்டை எப்படிப் போட்டிருக்காரு பாருங்க. படகு வயித்துலருந்து புறப்பட்டு, பின்னால சாஞ்சு, கீழ கீழ இறங்கி, ரெக்கை வரைக்கும் போகுது. புரொப்பல்லர் ரெக்கைக்குப் பக்கத்துல, அடி ஆழத்துல. நடுவுல ஒரு தாங்கி வேற. எதுக்கு இவ்வளவு நீளம்? ஷாஃப்டு நீளமானா ஆடும். ஆடினா பேரிங் தேயும். தேஞ்சா ஒழுகும். ஷாஃப்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு ஆயுசுன்னு பம்பு நிலையத்துல நுழைஞ்ச முதல் நாளே சொல்லிக் குடுத்துட்டாங்க. அதனால என்ன பண்ணினேன்? ஹேக்ஸாவை எடுத்தேன், வெட்டினேன். படகு வயித்தை ஒட்டி, நேரா, குட்டையா, கச்சிதமா. வெட்டின துண்டு அதோ, ஜன்னல் கதவு அடிக்காம முட்டு குடுத்திருக்கே, அதுதான். அசல் துருப்பிடிக்காத எஃகு. வீணாக்க மாட்டேன் நான்.

அவருக்குத் தெரியுமான்னா... போட்டி அன்னைக்குக் காலையில பாத்தாரு. பாத்துட்டு, "மாமா, இது..."ன்னு இழுத்தாரு. நான் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். வாயை மூடிகிட்டாரு. அதான் சொல்றேன், எழுத்துல இருந்தா வம்பே இல்ல.

இப்பக் கேளுங்க. பொண்ணு வாராவாரம் தனியா வந்துட்டுப் போய்கிட்டிருந்தா. "அவருக்கு வேலை இருக்குப்பா"ன்னு ஏதாவது சொல்லுவா. மூணு வாரத்துக்கு முன்னால வந்தவ கையில பையைக்கூட கீழ வைக்கல. "அப்பா, ரெக்கைதான் தப்புன்னு நிரூபிச்சுக் காட்டுங்க, அவரை நானே கூட்டிட்டு வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வைக்கறேன். முடியலைன்னா நீங்க அவருக்குப் போன் பண்ணுங்க. ரெண்டுல ஒண்ணு நடக்கற வரைக்கும் இனிமே நானும் வரல"ன்னுட்டுப் போயிட்டா. ஒரே பொண்ணு. வாசல்ல நின்னுகிட்டுச் சொல்றா! நானும் விடல. "தப்பு என் பக்கம்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே போனை எடுப்பேன்"னு அவ அம்மா மேல சத்தியம் பண்ணிச் சொன்னேன். என்ன தைரியத்துல சொன்னேன்? தப்பு என் பக்கம் இல்லேங்கற தைரியத்துலதான்.

அதுக்குத்தான் இந்தத் தொட்டிச் சோதனை. பாருங்க, படகோட பின்பக்கம் கயிறு. கயித்துல ஸ்பிரிங் தராசு. தராசைக் குழாயில மாட்டியிருக்கேன். மோட்டாரை ஓட்டினா படகு முன்னால இழுக்கும், எவ்வளவு இழுக்குதுன்னு தராசு சொல்லும். இந்த நோட்டுல குறிச்சிருக்கேன். நாப்பத்தோரு சோதனை. நாப்பத்தோரு தடவையும் ஒண்ணேகால் கிலோ! முள்ளு அசையல! ஒரு தடவைகூட வீல்னு கத்தல! குளத்துல கத்தின அதே மோட்டார், அதே ஷாஃப்டு, அதே புரொப்பல்லர், என் தொட்டியில நல்ல பிள்ளையா ஓடுது. அப்போ கோளாறு எங்க? மிச்சம் இருக்கறது ரெக்கைதானே? என்ன, அந்த ஒண்ணேகால் கிலோ இழுப்புல தண்ணி கொஞ்சம் தொட்டிக்கு வெளியில தெறிக்கும். அதுதான் உங்க கூரைக்கு வந்திருக்கு. இப்பச் சொல்லுங்க, மாப்பிள்ளை ஒழுங்கா ரெக்கை பண்ணியிருந்தா உங்க வீட்டுல சொட்டியிருக்குமா?

அட, கோவிச்சுக்காதீங்க. கட்டில் மேலயா சொட்டுது? கட்டிலை ஒரு முழம் நகத்திப் போட்டீங்கன்னா... சரி சரி, சொல்லல.

எரிஞ்ச மோட்டார் கதையைச் சொல்றேன்னேன்ல? எங்க நிலையத்துல ஒரு ஆபரேட்டர். தூங்குமூஞ்சின்னு பேரு. கிணத்துல தண்ணி மட்டம் இறங்கிகிட்டே வருது, இவன் கவனிக்கல. உறிஞ்சற குழாயோட வாய் தண்ணியை விட்டு வெளிய வந்துடுச்சு. பம்பு தண்ணிக்குப் பதிலா காத்தை இழுக்குது. சுமையே இல்லாம வெறுமனே சுத்தினா என்ன ஆகும்? வீல்னு கத்தும். குழந்தைக்குக்கூடத் தெரியும், சத்தம் மாறினாலே சுமை போயிடுச்சுன்னு அர்த்தம். சூடேறி, சிக்கி, மோட்டார் எரிஞ்சே போச்சு. நான் விடுவேனா? விளக்கம் கேட்டு மூணு பக்கம் எழுதினேன். அதுல ஒரு வரி: 'தண்ணீரின் மட்டம் மாறக்கூடியது என்பதை அறியாத ஒருவர் நீரேற்று நிலையத்தில் பணிபுரியத் தகுதியற்றவர்.' எப்படி? நிலையம் முழுக்க அந்த வரி மனப்பாடம். அவன், "தண்ணிதானே சார் இறங்குச்சு, நான் குழாயைத் தொடவே இல்லையே"ன்னு அழுதான். அழுதா? மாத்தி அனுப்பிட்டாங்க. போற அன்னைக்கு என்கிட்ட சொல்லிக்காமலே போயிட்டான். போகட்டும்.

தம்பி, வந்தது வந்தீங்க, ஒரு சின்ன உதவி. ரெக்கையில எங்க கோளாறுன்னு அடியில பாக்கணும். படகை ரெண்டு கையாலயும் பிடிச்சு, குளத்துல எழும்பற உசரத்துக்குத் தூக்கிப் பிடிக்கணும். காலுல சிவப்புக் கோடு இருக்கு பாருங்க, அதுவரைக்கும். நான் ரிமோட்டையும் டார்ச்சையும் பிடிச்சுக்கறேன். வீட்டுக்காரியைக் கூப்பிட்டா, "உங்க மாப்பிள்ளை பிடிச்ச இடத்துல நான் கை வைக்க மாட்டேன்"ங்கறா. பேச்சைப் பாருங்க! ஆங்... அப்படித்தான். இன்னும் கொஞ்சம்... ரெக்கை தண்ணிக்குள்ளயே இருக்கணும்... போதும். ஆட்டாதீங்க. இப்ப ஓட்டறேன்...

நிறுத்திட்டேன், நிறுத்திட்டேன். ஏன் இப்படிக் கத்துது? நீங்க ஆட்டினீங்களா? இல்லையா? மூணு வாரமா ஒரு தடவை கத்தாதது, நீங்க கை வச்சதும் கத்துதே! இன்னொரு தடவை. அசையாம... வீல்னுதான் கத்துது. தராசு என்ன சொல்லுது? இருங்க, கண்ணாடி... பூஜ்யம். ஒண்ணேகால் கிலோ எங்க போச்சு? பாட்டரியும் இப்பத்தான் ஏத்தினேன்... என்ன தம்பி? கை காலியா இல்லேன்னு தாடையால எதைக் காட்டறீங்க? எங்க? பின்னாலயா?

...

புரொப்பல்லர் தண்ணிக்கு மேல இருக்கு.

தொட்டியில தண்ணி குறைஞ்சிருக்கும். உங்க வீட்டுக்கு இறங்கின தண்ணிதான்... இல்ல. மட்டக் கோடு அங்கயேதான் இருக்கு.

இறக்குங்க. தண்ணிக்குள்ள வந்துடுச்சு. தூக்குங்க. வெளிய வந்துடுச்சு. இறக்குங்க... தூக்குங்க... போதும், போதும் தம்பி. கை வலிக்கும்.

கயித்துல கட்டிப் போட்டா படகு எங்க எழும்பும்? நாப்பத்தோரு தடவை எழும்பாத படகை வச்சுச் சோதனை பண்ணியிருக்கேன். ரெக்கை தூக்குது... தூக்கினதும் என் குட்டை ஷாஃப்டும் கூடவே மேல வந்துடுது... புரொப்பல்லர் காத்தைக் கடையுது... தள்ள ஆளில்லாம விழுது. தண்ணி தெறிச்சதுல அன்னைக்கு ஒண்ணும் தெரியல. ரெக்கை மோசமா இருந்திருந்தா, படகு எழும்பியே இருக்காது, என் மானமும் தப்பிச்சிருக்கும். நல்ல ரெக்கை. இருபத்திரெண்டு தடவை தூக்கியிருக்கு. அந்தத் தையல்காரர் கணக்குல இருபத்திமூணு.

தண்ணீரின் மட்டம் மாறக்கூடியது என்பதை அறியாத... அங்க தண்ணி இறங்குச்சு. இங்க படகு ஏறுச்சு. அவ்வளவுதானே வித்தியாசம்? அவன் குழாயைத் தொடவாவது இல்ல. நான் ஹேக்ஸா வச்சு வெட்டியிருக்கேன்.

அவருக்குத் தெரிஞ்சிருக்கு தம்பி. அன்னைக்குக் காலையிலயே தெரிஞ்சிருக்கு. கரையில பதினேழு பேர் சிரிச்சப்போ, "ஷாஃப்டை வெட்டினது மாமாதான்"னு சத்தமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் காதுல மட்டும்தான் சொன்னாரு.

என்னம்மா?... ஒண்ணுமில்ல!... சத்தம் நின்னுபோச்சா? ஆமா, நின்னுபோச்சு!... சும்மா இரும்மா, யாரும் கீழ விழல!

அந்தப் போனை... இதோ இருக்கு. இருங்க, போயிடாதீங்க, நீங்க பக்கத்துல நின்னா எனக்குப் பேச வரும். சத்தியம் பண்ணினப்போ 'அந்த நிமிஷமே'ன்னுட்டேன். ஒரு வாரத்துக்குள்ளன்னு சொல்லியிருக்கக் கூடாதா? எப்படி ஆரம்பிக்கறது? பல்லு குத்துதுன்னு ஆரம்பிக்கறேன். பொய் இல்லையே, நிஜமாவே குத்துது. பல்லைக் காட்ட வரேன்னு சொல்லி, அவர் ராவிகிட்டிருக்கும்போது அப்படியே மெதுவா... மணி அடிக்குது. எடுக்க மாட்டாரு. வேலையில இருப்பாரு. கர்ர்ர்னு அது என்ன சத்தம்? தம்பி? அடைப்பானைப் பிடுங்கிட்டீங்களா? ஏங்க, நான் இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள... தண்ணி மொத்தமும் போகுதே! ஆளைக் காணோம். பக்கெட்டுத் தண்ணியையும் தொட்டியில கொட்டி, பக்கெட்டைக் கவுத்து, அதுமேல படகைப் பத்திரமா வச்சுட்டுப் போயிருக்காரு. கதவைக்கூடச் சாத்தாம...

ஹலோ? ஆங்... மாப்பிள்ளையா? நான்தான். மாமா... இல்ல இல்ல, அத்தை நல்லாத்தான் இருக்கா. எனக்கும் ஒண்ணுமில்ல. சும்மாதான்... இந்தக் கீழ் செட்டு, இடது பக்கம் கொஞ்சம்... இல்ல. அது இருக்கட்டும். பல்லு நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க, பல்லுல ஒரு குறையும் இல்ல.

ஷாஃப்டைப் பாத்தேன், மாப்பிள்ளை.